வன்னியில் தொற்றுநோய்க் கண்காணிப்புப் பயிற்சி: முதல்முறை வகுப்பெடுக்கிறவர்களுக்கு

புதிதாக எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஆகப் பொறுப்பெடுத்திருப்பீர்கள், அல்லது மேற்பார்வைப் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஆகியிருப்பீர்கள். கதிரையில் ஆறுதலாக இருக்கும் முன்னமே “அடுத்த மாதம் தொற்றுநோய்க் கண்காணிப்புப் பயிற்சி ஒன்று வையுங்கோ” என்று மேலிருந்து கடிதம் வந்துவிடும். முன்பு இருந்தவர் விட்டுப்போன பவர்பாயிண்ட் ஒன்று கணினியில் கிடக்கும். அதைத் திறக்காதீர்கள். திறந்தால் கண்காணிப்பு என்றால் என்ன, அதன் வகைகள் என்ன, நோக்கங்கள் என்ன என்று மதியச் சாப்பாடு வரைக்கும் அதிலேயே போய்விடும். வந்தவர்களும் குறிப்பெடுப்பதுபோலக் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நான் சொல்லப்போவது ஒரேயொரு வழி. நோய் அறிவித்தல் அட்டை ஒன்றைக் கையில் எடுங்கள். அது ஆஸ்பத்திரி விடுதியில் எழுதப்பட்டு, எம்.ஓ.எச். பணிமனைக்கு வந்து, பி.எச்.ஐ.யின் மோட்டார் சைக்கிளில் ஒரு வீட்டுப் படலை வரைக்கும் போய், கடைசியில் ஓர் எண்ணாகக் கொழும்புக்குப் போகும்வரை வகுப்பை அதன் பின்னாலேயே கூட்டிக்கொண்டு போங்கள். மற்றதெல்லாம் போகிற வழியில் தானாக வந்து சேரும்.

யாரைக் கூப்பிடுவது, எப்போது, எங்கே

வழக்கமாக பி.எச்.ஐ.மாரை மட்டும் கூப்பிட்டு நடத்துவார்கள். அது பாதிப் பயிற்சிதான். அட்டை எழுதுகிற விடுதி வைத்தியரும் தொற்றுத்தடுப்புத் தாதியும் ஒரு பக்கம், அட்டையை வாங்கிக்கொண்டு வீடு தேடிப் போகிற பி.எச்.ஐ. இன்னொரு பக்கம், எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்பதை எல்லாருக்கும் முன்னம் அறிகிற மிட்வைவ் (குடும்பநல மருத்துவமாது) அக்காமார் வேறொரு பக்கம் என்று மூன்று கூட்டமும் ஒரே மண்டபத்தில் இருக்க வேண்டும். இருந்தால் முதல் அரை மணித்தியாலத்திலேயே சண்டை தொடங்கும். “நாங்கள் அனுப்பித்தான் இருக்கிறம், அவையள்தான் போறேல்லை” என்பார் விடுதிக்காரர். “விலாசமே இல்லாத கார்டை வைச்சுக்கொண்டு நான் எங்க போறது?” என்பார் பி.எச்.ஐ. தடுக்காதீர்கள், நல்ல சண்டை அது. இருவரும் சொல்வது உண்மை என்பதும், ஒருவர் வேலையை மற்றவர் ஒருநாளும் பார்த்ததில்லை என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

இருபது பேருக்கு மேல் வேண்டாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து வைப்பதென்றால் மாங்குளம் நல்ல இடம். ஏ9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கிற இடம் என்பதால் துணுக்காயில் இருந்து வருகிறவரும் ஒட்டுசுட்டானில் இருந்து வருகிறவரும் பஸ்ஸுக்காக நாளைத் தொலைக்க வேண்டியதில்லை. காலம் என்று பார்த்தால் செப்டெம்பர். காலபோக விதைப்பும் வடகீழ்ப் பருவமழையும் தொடங்கிவிட்டால் எலிக்காய்ச்சலும் டெங்குவும் ஒன்றன்பின் ஒன்றாக வரும், பிறகு ஆட்களைப் பிடிக்க முடியாது. ஆவணி மடுத் திருவிழா நாட்களிலும் வைகாசி வற்றாப்பளைப் பொங்கல் நாட்களிலும் மாட்டிக்கொள்ளாதீர்கள், அந்த நாட்களில் பி.எச்.ஐ.மார் முழுப்பேரும் தண்ணீர், மலசலகூடம், சாப்பாட்டுக் கடை என்று அங்கேதான் நிற்பார்கள். வெள்ளிக்கிழமையும் வேண்டாம். காரணம் பின்னால் வரும்.

ஒரு நிபந்தனை மட்டும் கடிதத்திலேயே போடுங்கள்: ஒவ்வொருவரும் தங்கள் பதிவேட்டைக் கையோடு கொண்டுவர வேண்டும். விடுதியின் அறிவித்தல் பதிவேடு, பணிமனையின் தொற்றுநோய்ப் பதிவேடு, பி.எச்.ஐ.யின் களக்கொப்பி. பயிற்சிக்கான பாடநூல் அவைதான்.

முதல் காலை: ஒரு அட்டையின் பயணம்

அட்டை என்று நான் சொல்வது எச் 544. அறிவிக்க வேண்டிய நோய் ஒன்று இருக்குமென்று சந்தேகம் வந்த உடனேயே எழுத வேண்டியது. இந்தச் “சந்தேகம்” என்பதில்தான் காலையின் பெரும்பகுதியைச் செலவழிக்க வேண்டும். புதிய வைத்தியர்கள் பலர் இரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும், நிச்சயப்படுத்திவிட்டு எழுதலாம் என்று வைத்திருப்பார்கள். நோயாளியைக் குணப்படுத்துகிறவருக்கு அது நியாயமான யோசனைதான். ஆனால் எலிக்காய்ச்சலுக்கான இரத்த மாதிரி வெளியே போய் முடிவு திரும்பி வருவதற்குள் அதே வயலில் இன்னும் நாலு பேர் இறங்கிவிடுவார்கள். முடிவு பிழைத்தால் பரவாயில்லை, பிறகு திருத்திக்கொள்ளலாம். அதற்குத்தான் படிவத்தில் வழி வைத்திருக்கிறார்கள்.

எந்த நோய் என்றே பிடிபடாவிட்டாலும் அறிவிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஏழு நாளும் அதற்கு மேலும் விடாமல் காய்கிற காய்ச்சல் அறிவிக்க வேண்டிய பட்டியலில் தனியாகவே இருக்கிறது. இதை அழுத்திச் சொல்லுங்கள். 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பின் யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் வந்தவர்கள் சில நாளிலேயே இறந்தபோது முதலில் என்ன நோய் என்றே தெரியாமல்தான் இருந்தது, பிறகுதான் பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்று வந்தது. பெயர் தெரியாத நிலையிலும் “இங்கே என்னமோ நடக்கிறது” என்று ஒருவர் சத்தம் போட வேண்டும், அந்தச் சத்தம்தான் கண்காணிப்பு.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அறிவிப்பது கடமை, 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. தனியார் கிளினிக் நடத்துகிறவருக்கும் பொருந்தும். அதற்கு மேல் சட்டம் பேசினால் ஆட்கள் பயப்படுவார்களே ஒழிய அட்டை எழுத மாட்டார்கள்.

இனி விலாசம். இதற்கு ஒரு பயிற்சி உண்டு, நான் பார்த்தவற்றில் இதைவிடப் பயன் தந்தது வேறில்லை. போன மழைக்காலத்தில் வந்த அட்டைகளில் பத்தை எடுத்துப் பெயரை மறைத்துப் பிரதி எடுங்கள். பி.எச்.ஐ.மாரிடம் கொடுத்து “இந்த வீட்டுக்கு வழி சொல்லுங்கள்” என்று கேளுங்கள். ஒன்றில் “புதுக்குடியிருப்பு” என்று மட்டும் இருக்கும். முல்லைத்தீவிலா, மன்னாரிலா, மட்டக்களப்பிலா? மூன்று இடத்திலும் அந்தப் பெயரில் ஊர் இருக்கிறது. ஒன்றில் “வீட்டுத்திட்டம்” என்று இருக்கும், எந்த வீட்டுத்திட்டம் என்று இருக்காது. தமிழ் தெரியாத வைத்தியர் ஊர்ப் பெயரைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார், அதை வாசித்து வட்டக்கச்சியா வேறெதுவா என்று பட்டிமன்றமே நடக்கும். இன்னொன்றில் யாழ்ப்பாணத்துப் போர்டிங் விலாசம். பிள்ளை அங்கே படிக்கிறது, காய்ச்சல் வந்ததும் தாய் தகப்பனிடம் வந்துவிட்டது, நுளம்பு கடித்தது எங்கே என்று யாருக்கும் தெரியாது.

பத்தில் எத்தனைக்கு வழி சொல்ல முடிகிறது என்று எண்ணிப் பலகையில் எழுதுங்கள். விடுதியில் இருந்து வந்தவர்கள் அந்த எண்ணைப் பார்த்த பிறகு, அட்டையில் என்ன இருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை, அவர்களே சொல்வார்கள். கிராம அலுவலர் பிரிவு, பக்கத்தில் உள்ள கோவிலோ பாடசாலையோ வாய்க்காலோ, வீட்டில் எப்போதும் எடுக்கிற போன் நம்பர், கடந்த இரண்டு கிழமை எங்கே தங்கியிருந்தார் என்பது, தொழில். தொழிலை விடவே கூடாது. எலிக்காய்ச்சலில் பாதி விடை அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. அதில் “கூலி” என்று எழுதினால் போதாது, வயற்கூலியா மேசன் கூலியா என்று தெரிய வேண்டும்.

எல்லா நோயையும் சொல்லிக்கொடுக்காதீர்கள்

அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியல் நீளமானது. கொலரா, பிளேக், மஞ்சள் காய்ச்சல் என்று முதல் பிரிவு. நெருப்புக்காய்ச்சல், வயிற்றுளைவு, சின்னமுத்து, கூகைக்கட்டு, குக்கல், ஏற்புவலி, மூளைக்காய்ச்சல் என்று அடுத்த பிரிவு நீண்டுகொண்டே போகும். பட்டியலை அச்சடித்து விடுதிச் சுவரில் ஒட்டுங்கள். வகுப்பில் எடுப்பது இந்த மண்ணில் நடமாடுகிற சிலது மட்டும் போதும்.

எலிக்காய்ச்சலைத்தான் ஆழமாக எடுக்க வேண்டும். காய்ச்சல், கெண்டைக்கால் சதை நோவு, கண் சிவப்பு, சிறுநீர் குறைவது, இவற்றோடு வயல் அல்லது வெள்ளத் தண்ணீரில் நின்ற கதை. தொற்றிய பின் நோய் தெரிய பெரும்பாலும் ஒன்று இரண்டு கிழமை எடுக்கும், ஒரு மாதம்வரை போனதும் உண்டு. அதனால் “நேற்று எங்கே போனீர்கள்” என்று கேட்டுப் பயனில்லை. விதைப்புக்கு முன் கிழமைக்கு 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் கொடுக்கிற ஒழுங்கையும் இங்கேயே சொல்லுங்கள், கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அந்தக் குளிசை இல்லை என்பதையும் சேர்த்து. யார் யாருக்குக் கொடுத்தோம் என்ற பட்டியல் கமக்கார அமைப்போடு சேர்ந்து எடுத்தால்தான் சரிவரும், தனியாகப் போய் வரம்பில் நின்று கூப்பிட்டால் வேலை நடக்காது.

உண்ணிக்காய்ச்சலுக்கு ஒரே ஒரு பழக்கம்: உடுப்பைக் கழற்றிப் பார்ப்பது. பூச்சி கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோலக் கறுப்பாய் ஒரு பொருக்கு இருக்கும், வலி இருக்காது, அக்குளிலோ இடுப்பிலோ கவட்டிலோ ஒளிந்திருக்கும், நோயாளிக்கே தெரியாது. படத்தைப் பெரிதாகப் போட்டுக் காட்டுங்கள்.

டெங்குவைப் பற்றி எல்லாருக்கும் தெரியும் என்று எல்லாரும் நினைக்கிறோம். தெரியாதது ஒன்றிருக்கிறது: கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ கடி வாங்கிக்கொண்டு பொங்கலுக்கு வீட்டுக்கு வருகிற பிள்ளையையும், ஊரிலேயே கடி வாங்கிய கிழவியையும் பிரித்துப் பார்ப்பது. கடித்து 4 முதல் 10 நாளில் காய்ச்சல் வரும். அந்தப் பத்து நாளும் ஊரைவிட்டு நகராத ஒருவருக்கு டெங்கு என்றால் நுளம்பு உங்கள் ஊரில் வேலையைத் தொடங்கிவிட்டது. அப்படிப்பட்ட அட்டை ஒன்று வந்தால் மற்ற அட்டைகளை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் அங்கே போங்கள்.

செங்கமாரிக்கு எதிர்த்திசையில் பழக்க வேண்டும். ஈரலழற்சி ஏ தொற்றி வெளியில் தெரிய 15 முதல் 50 நாள், சராசரியாக நாலு கிழமை. இன்றைக்குக் கண் மஞ்சளாகி வருகிற பிள்ளை போன மாதம் குடித்த தண்ணீரைத்தான் தேட வேண்டும். செட்டிகுளம் முகாம்களில் 2009இல் செங்கமாரி பரவியதைப் பார்த்தவர்கள், அங்கேயே இருந்தவர்கள், உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். இருந்தால் மைக்கை அவர்களிடம் கொடுத்துவிட்டு நீங்கள் இருந்துவிடுங்கள்.

கொப்புளிப்பானை யாரும் அட்டையில் காண்பதில்லை, ஏனென்றால் அம்மாள் வந்திருக்கிறது என்று வேப்பிலை கட்டி வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள், ஆஸ்பத்திரிக்கு வருவது குறைவு. இதை மிட்வைவ் அக்காவைத் தவிர வேறு யாராலும் பிடிக்க முடியாது. அவர் போகிற வீட்டில் கர்ப்பிணியும் இருப்பார் என்பதால் சும்மா விடக்கூடிய விஷயமும் இல்லை. வேப்பிலையைக் கழற்றச் சொல்லி யாரும் சண்டை பிடிக்கத் தேவையில்லை, தகவல் வந்தால் போதும்.

பிறகு இல்லாத நோய்கள். மலேரியா ஒரு காலத்தில் வன்னியின் நோய், இன்று பயிற்சிக்கு வருகிற இளம் வைத்தியர்களில் பெரும்பாலோர் உள்ளூரில் தொற்றிய ஒருவரைக் கண்டிருக்கவே மாட்டார்கள். இலங்கையில் மலேரியா ஒழிக்கப்படுமுன் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில், உலக சுகாதார நிறுவனத்தின் மலேரியா ஒழிப்புச் சான்றிதழ் 2016 செப்டெம்பரில். அதே 2016 டிசம்பரில்தான் நகரத்துக் கிணற்றிலும் தொட்டியிலும் வளர்கிற அனோபிலிஸ் ஸ்டெபன்சி நுளம்பு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. நோய் போய்விட்டது, அதைக் காவக்கூடிய புதிய நுளம்பு வந்துவிட்டது. எனவே காய்ச்சல்காரர் யாராக இருந்தாலும் “அண்மையில் வெளிநாடு போனீர்களா” என்று கேட்பது பழக்கமாக வேண்டும். ஆபிரிக்காவில் வேலை செய்து வந்தவர், இந்தியாவில் இருந்து திரும்பியவர் என்றால் அன்றைக்கே இரத்தம் பார்க்க வேண்டும், தபாலில் அட்டை அனுப்பிவிட்டுக் காத்திருக்கக் கூடாது, போனை எடுக்க வேண்டும்.

போலியோவும் அப்படித்தான். இலங்கையில் கடைசியாக வந்தது 1993. ஆனால் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திடீரென்று கைகாலில் தளர்ச்சி என்றால் உடனே அறிவித்து, 14 நாளுக்குள் 24 மணித்தியால இடைவெளியில் இரண்டு மலமாதிரி எடுத்துக் குளிர் குறையாமல் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். காரணம் வேறாக இருந்தாலும், அது வேறுதான் என்று வைத்தியருக்கு நன்றாகத் தெரிந்தாலும்கூட. 15 வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் பிள்ளைகளுக்கு வருடத்தில் ஒருவராவது இப்படி அகப்பட வேண்டும் என்பது உலகளாவிய அளவுகோல். ஒருவரும் அகப்படவில்லை என்றால் நீங்கள் தேடவில்லை என்றுதான் கணக்கு. வருகிற எண்ணை வைத்து வேலையை அளக்கிற விசித்திரமான இடம் இது, வகுப்பில் இதைக் கேட்டதும் சிலர் நிமிர்ந்து உட்காருவார்கள்.

வீட்டுக்குப் போவது எப்படி

மதியத்துக்குப் பிறகு நடிப்பு. ஒருவர் பி.எச்.ஐ., ஒருவர் நோயாளியின் தாய். கையில் எச் 411 படிவம், பி.எச்.ஐ. வீட்டில் விசாரித்து நிரப்புவது. முதல் தடவை எல்லாரும் ஒரே மாதிரித்தான் செய்வார்கள், படிவத்தைத் திறந்து “பெயர்? வயது? காய்ச்சல் தொடங்கிய திகதி?” என்று தொடங்கிவிடுவார்கள்.

வன்னியில் ஒரு குடும்பம் எத்தனை தடவை பெயர் பதிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இடம்பெயர்ந்தபோது, முகாமில், மீள்குடியேறியபோது, வீட்டுத்திட்டத்துக்கு, நிவாரணத்துக்கு. கோப்போடு ஒருவர் படலையைத் திறந்தால் சனம் முதலில் யோசிப்பது “இவர் எங்கிருந்து, எதற்கு எழுதுகிறார்” என்பதைத்தான். போதாக்குறைக்கு பி.எச்.ஐ. என்றால் நுளம்புக் குடம்பிக்கு வழக்குப் போடுகிறவர், சாப்பாட்டுக் கடைக்கு வழக்குப் போடுகிறவர். அவரிடம் யார் உண்மை சொல்வார்கள்? ஆகவே நோய் விசாரிக்கப் போகும்போது வழக்குப் புத்தகத்தைப் பையை விட்டு எடுக்காதீர்கள் என்று நான் சொல்வேன். முற்றத்தில் தேங்காய்ச் சிரட்டையில் குடம்பி இருந்தால் அவர்களையே கூப்பிட்டுக் காட்டி, அவர்கள் கையாலேயே கவிழ்த்துக் கொட்ட வையுங்கள். இதற்கு எதிராகப் பேசுகிற அதிகாரிகளும் உண்டு, சட்டம் சட்டம்தான் என்பார்கள். முதல் நாளே வழக்கென்றால் அடுத்த காய்ச்சலை அந்த ஒழுங்கை முழுவதும் மறைக்கும், இது என் கட்சி.

கேள்வியும் பேச்சுப்போல வர வேண்டும். “அம்மா, தம்பி இப்ப எப்பிடி இருக்கிறார்? சாப்பிடுறாரோ?” என்று தொடங்கலாம். “காய்ச்சல் தொடங்கின அன்று என்ன கிழமை, கோவிலுக்குப் போன நாளோ?” என்று கேட்டால் திகதி சரியாக வரும், சும்மா திகதி கேட்டால் வராது. “கடைசியா எப்ப வயலுக்கு இறங்கினவர்? ஆற்ற வயல்? ஆரோட போனவர்?” இந்தக் கடைசிக் கேள்விதான் பொன். ஆரோடு போனார் என்ற பதிலில்தான் அடுத்த நோயாளி இருக்கிறார். அந்தப் பெயர்களையும் வாங்கிக்கொண்டு அன்றைக்கே அந்த வீடுகளையும் எட்டிப் பார்த்துவிட்டு வருவதுதான் விசாரணை. படிவம் நிரப்புவது அதில் ஒரு துண்டு.

வெலிஓயாவுக்கோ வவுனியா தெற்குக்கோ போகிறவர் சிங்களத்தில் இதே கேள்விகளைக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே வேலை செய்கிறவர் ஒருவர் வகுப்பில் இருந்தால் அதே நடிப்பைச் சிங்களத்தில் ஒரு தடவை செய்ய வையுங்கள்.

இன்னொன்று, வாட்ஸ்அப். நோயாளியின் டயக்னோசிஸ் கார்டைப் படமெடுத்துக் குழுவில் போடுகிற பழக்கம் எல்லா இடத்திலும் வந்துவிட்டது. வேகம் சரிதான். ஆனால் சின்ன ஊர், குழுவில் நாற்பது பேர், அதில் ஒருவருடைய மச்சானுக்கு அந்தப் படம் போய்விட்டால் பிறகு காசநோய்க்காரர் ஒருவரும் உங்களிடம் வாய் திறக்க மாட்டார். தகவல் போக வேண்டியவருக்குத் தனியாகப் போகட்டும், குழுவில் எண்ணிக்கை மட்டும்.

வெள்ளிக்கிழமைக் கணக்கு

கண்காணிப்புக் கிழமை சனி தொடங்கி வெள்ளி முடியும், அதனால்தான் பயிற்சிக்கு வெள்ளி வேண்டாம் என்றேன். அந்தக் கிழமைக் கணக்கு எச் 399 ஆகக் கொழும்பு தொற்றுநோயியல் பிரிவுக்குப் போக வேண்டும், பிரதி பிராந்திய தொற்றுநோயியலாளருக்கு. ஒருவரும் நோயாளி இல்லை என்றாலும் “இல்லை” என்று அனுப்ப வேண்டும். அனுப்பாத பணிமனையும் நோயில்லாத பணிமனையும் தூரத்தில் இருந்து பார்த்தால் ஒரே மாதிரித்தான் தெரியும்.

இதைச் சொல்லி விளக்குவதைவிட கணக்காகப் போடுங்கள். போன கிழமை விசாரணை முடியாமல் நின்றது 9, இந்தக் கிழமை புதிதாக வந்தது 14, மொத்தம் 23. உறுதியானது 8, வேறு நோய் என்று முடிந்தது 2, வேறு எம்.ஓ.எச். பிரிவுக்குரியது 4, ஆளைக் கண்டுபிடிக்க முடியாதது 3. மிச்சம் 6 அடுத்த கிழமைக்குப் போகும். இரண்டு பக்கமும் சமப்பட வேண்டும். சமப்படாவிட்டால் எங்கோ ஒரு அட்டை மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. கொண்டுவந்த பதிவேட்டில் கடந்த நாலு கிழமைக்கு இதைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், மண்டபம் அமைதியாகிவிடும்.

தொற்றுநோயியல் பிரிவு கிழமைதோறும் வெளியிடுகிற அறிக்கையில் எந்தப் பிரதேசம் நேரத்துக்கு அனுப்பியது, எது முழுமையாக அனுப்பியது என்றெல்லாம் வரும். உங்கள் மாவட்டத்தின் வரியைப் பிரதி எடுத்துக் கொடுங்கள்.

எண்ணவும் வரையவும்

இரண்டாம் நாள் கட்டத்தாளும் பென்சிலும் போதும், கணினி வேண்டாம். ஒரு நோயாளிக்கு ஒரு கட்டம், காய்ச்சல் தொடங்கிய நாளின் மேல் நிறுத்த வேண்டும். அறிவித்த நாளின் மேல் நிறுத்தினால் திங்கட்கிழமை எல்லாம் மலையாகத் தெரியும், அது நோயின் உருவம் இல்லை, ஞாயிறு லீவின் உருவம். ஒரே நாளில் செங்குத்தாக எழும்பி விழுந்தால் எல்லாரும் ஒரே இடத்தில் எதையோ உண்டிருக்கிறார்கள் அல்லது குடித்திருக்கிறார்கள். மெல்ல மெல்ல அலை அலையாக ஏறினால் ஆளுக்கு ஆள் போகிறது.

பிறகு ஊர்ப்படம். கிராம அலுவலரிடம் உள்ள படத்தின் பிரதி போதும். வீட்டுக்குப் புள்ளி, கிணற்றுக்குச் சதுரம், வாய்க்காலுக்குக் கோடு. பதினைந்து புள்ளி வைத்த பிறகு யாராவது ஒருவர் “இது முழுக்க அந்தக் கழிவு வாய்க்கால் பக்கம்தானே” என்று சொல்வார். நீங்கள் முந்திச் சொல்லிவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு கற்பனைச் சம்பவம். கோவில் அன்னதானத்தில் 60 பேர் சாப்பிட்டார்கள், இரண்டு முதல் நாலு மணித்தியாலத்துக்குள் 24 பேருக்கு வாந்தி. எல்லாரும் சாம்பாரைத்தான் குற்றம் சொல்கிறார்கள். கணக்குப் போடுங்கள்: சாம்பார் சாப்பிட்ட 50 பேரில் 20 பேருக்கு வருத்தம், சாப்பிடாத 10 பேரில் 4 பேருக்கு. இரண்டும் 40 வீதம், ஆக சாம்பார் தப்பிவிட்டது. பாயாசம் குடித்த 40 பேரில் 22 பேருக்கு, அது 55 வீதம். குடிக்காத 20 பேரில் 2 பேருக்கு, 10 வீதம். இத்தனை குறுகிய நேரத்தில் காய்ச்சல் இல்லாமல் வாந்தி என்றால், சமைத்தவர் கையில் இருந்து பாலுக்குப் போய் வெயிலில் பெருகிய ஸ்டபிலோகொக்கஸ் கிருமியின் நஞ்சைத்தான் முதலில் நினைக்க வேண்டும். குடிக்காத இரண்டு பேருக்கு ஏன் வந்தது என்று ஒருவர் கேட்பார், கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். மறந்திருக்கலாம், பிள்ளையின் கோப்பையில் ஒரு வாய் குடித்திருக்கலாம், வேறு வருத்தமாகவும் இருக்கலாம். நூற்றுக்கு நூறு பொருந்துகிற கணக்கு களத்தில் கிடைக்காது.

இதிலேயே ஒரு சிக்கலையும் சேர்த்துவிடுங்கள்: மிச்சப் பாயாசத்தை அதற்குள் கொட்டிவிட்டார்கள், கோவில் தலைவர் “எங்கட கோவில் பெயரைக் கெடுக்காதேங்கோ” என்று பணிமனைக்கு வந்து நிற்கிறார். அவரோடு எப்படிக் கதைப்பது? இதை நடிக்க வைத்தால் முழு வகுப்பும் எழும்பிவிடும்.

முடிந்த பிறகு

சான்றிதழ் கொடுப்பதும் குரூப் படம் எடுப்பதும் உங்கள் விருப்பம். முன்தேர்வு பின்தேர்வு வைத்து மதிப்பெண் கூடிவிட்டது என்று அறிக்கை எழுதுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, அன்றைக்குச் சொன்னதை அன்றைக்கே எழுதினால் கூடத்தானே செய்யும். அதைவிட நாலு திகதியைப் பாருங்கள்: காய்ச்சல் தொடங்கியது, ஆஸ்பத்திரிக்கு வந்தது, அட்டை எழுதியது, பி.எச்.ஐ. வீட்டுக்குப் போனது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் எத்தனை நாள்? பயிற்சிக்கு முந்தைய இரண்டு மாத அட்டைகளையும் பிந்தைய இரண்டு மாத அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பயிற்சி பலித்ததா என்று தெரிந்துவிடும். வெளியுலகில் இதற்கு 7-1-7 என்று ஓர் இலக்கு வைத்திருக்கிறார்கள், பரவத் தொடங்கி ஏழு நாளில் கண்டுபிடி, ஒரு நாளில் அறிவி, ஏழு நாளில் முதல் நடவடிக்கைகளை முடி என்று. விடுதி இடைவெளி எங்கே விழுகிறது, களத்தின் இடைவெளி எங்கே விழுகிறது என்று பிரித்துப் பார்க்க அது உதவும்.

அட்டை எழுதுகிறவருக்குப் பதில் போக வேண்டும். போன மாதம் உங்கள் விடுதியில் இருந்து இத்தனை அட்டை வந்தது, இத்தனை வீடு கண்டுபிடித்தோம், இத்தனை உறுதியானது, அதில் ஒன்றைப் பின்தொடர்ந்து போனதால் அதே வயலில் இன்னும் மூன்று பேரைக் காய்ச்சலோடு கண்டு அனுப்பினோம் என்று அரைப் பக்கம் எழுதி விடுதிக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். பி.எச்.ஐ.யே கையில் கொண்டுபோனால் இன்னும் நல்லது, முகமும் பழகும். வைத்தியர்கள் வருடத்துக்கு வருடம் மாற்றலாகிப் போய்க்கொண்டே இருப்பார்கள், நீங்கள் சொல்லிக்கொடுத்தவர் அடுத்த மழைக்கு இங்கே இருக்க மாட்டார். தாதியும் பதிவேடும்தான் அங்கேயே இருக்கும். ஆகவே புதியவர் ஒருவர் விடுதிக்கு வந்த முதல் கிழமையிலேயே பத்து நிமிடம் போய் நின்று அட்டை எங்கே இருக்கிறது, எழுதி எந்தப் பெட்டியில் போடுவது, எந்த நம்பருக்கு அடிப்பது என்று காட்டுவதைத் தொற்றுத்தடுப்புத் தாதியின் பொறுப்பாக எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அட்டைக் கட்டு முடியும் முன் அடுத்த கட்டைக் கேட்டு எடுப்பதும் அவர் பொறுப்பிலேயே இருக்கட்டும், நவம்பர் மழை நேரத்தில் கட்டு தீர்ந்துபோய்த் துண்டுக் கடதாசியில் எழுதுகிற விடுதிகள் இருக்கின்றன.